மூன்றாவது எண்

தோட்டப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில்
பகலெல்லாம் பெயர் தட்டுகிறேன்.
பெயர், வயது, வலி எந்தப் பக்கம்.

போன ஆடியில் பொன்னையிலிருந்து ஒருவர் வந்தார்,
கொண்டம்மாள்.
முந்தைய வருடத்துப் படம் எங்கே என்றார் டாக்டர்.
தேடினேன். இல்லை.
மறுபடி எடுக்க இரண்டாயிரத்து நானூறு.
மகனுக்கு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று
படியிறங்கிப் போனார்.

அன்றிரவுதான் கண்டேன்:
பழைய பதிவில் கொம்பு ஒரு சாவி, கால் ஒரு சாவி.
என் விசைப்பலகையிலோ
கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி.
கண்ணுக்கு ஒரே கொண்டம்மாள்.
கணினிக்கு இரண்டு பேர்.

அப்படித்தான் தொடங்கியது, நூறு வரி நிரலாக.
'ஒட்டு' என்று பெயர் வைத்தேன்.
யாரும் எடுக்கலாம், வெட்டலாம், திருத்தலாம்,
எதற்கும் நான் பொறுப்பல்ல
என்று உரிமக் கோப்பில் எழுதியபோது சிரிப்பு வந்தது.
பொறுப்பில்லாமல் இருக்க முடியாமல்தானே
இதில் உட்கார்ந்தேன்.

0.1 எனக்கு மட்டும்.
0.2-இல் மேல்விஷாரம் தஸ்தகீர் வந்தார்.
நிரல் தெரியாது, டைப்ரைட்டிங்கில் ஹையர்.
"பழைய ஆளுங்க காலுக்கு பதிலா ர போடுவாங்க மேடம்,
கௌரிக்கு ள போடுவாங்க,
பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."
எக்செல்லில் நாற்பது பெயர் அனுப்பினார்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே
தட்டியவர் யாராயிருக்கும் என்ற ஊகத்தோடு.

0.5-இல் ஓர் இணைப்புக் கோரிக்கை.
பெயர் கானல். ஊர் இல்லை, படம் இல்லை.
நான் எழுதிய இருநூற்றுப் பத்து வரியை அழித்துவிட்டு
பதினோரு வரி வைத்திருந்தார்.
அன்று சோறு இறங்கவில்லை.
தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே
சோதனைகளை ஓட்டினேன்.
எல்லாம் பச்சை.
ஒன்றேகால் மணிக்கு இணைத்தேன்.
நன்றி என்று தட்டினேன்.
இரண்டு நாள் கழித்துத்தான்
அந்தச் சொல் உண்மையானது.

0.9. 0.9.1. 0.9.2.
0.9.14 வரை போனேன் ஒன்றுக்குப் பயந்து.
ஒன்று என்றால் வாக்கு.
முதல் எண் மாறினால்
உங்கள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன் என்று பொருள்.
நடு எண், உள்ளே புதிதாய் ஓர் அலமாரி.
மூன்றாவது எண்
என் வெட்கத்துக்கு.

கத்திரி வெயிலின் நாலாம் நாள், மின்வெட்டு.
விருப்பாட்சிபுரம் மாடியறை.
மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.
கைபேசி இணையத்தில் ஒரு கோடு வரும்வரை
ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வைத்திருந்து
1.0.0 என்று குறியிட்டேன். தள்ளினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசும் பட்டியலில்
ஆளில்லாத வெளியீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்பது நிமிடம்.
பிறகு ஆரணியில் ஒரு நெசவுச் சங்கக் கணக்கர்:
"நல்ல மென்பொருள். ஆனால்
எங்கள் உறுப்பினர்களில்
வரதன்கள் பதினேழு பேரும் வாதன்கள் ஆகிவிட்டார்கள்.
தலைவர் பரமசிவம் பாமசிவமாக இருக்கிறார்,
அவரிடம் இன்னும் சொல்லவில்லை."

நல்ல ர-வையெல்லாம்
கால் என்று நினைத்துவிட்டது என் விதி.
பேட்டரி ஒன்பது.
"எனக்கும் தோணலையே மேடம்," தஸ்தகீர்.
கானலிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை,
ஒரு சோதனை மட்டும்:
வரதன் உள்ளே போனால்
வரதனே வெளியே வரவேண்டும்.

1.0.1.
மாற்றக் குறிப்பு, ஒரே வரி:
வரதன்கள் திரும்பிவிட்டார்கள்.

இப்போது காரைக்காலில் ஒரு நூலகமும்
பெயர் சொல்லாத இரண்டு மூன்று பேரும்
ஒட்டைப் பயன்படுத்துகிறார்களாம்.
எங்கள் சென்டரில் இன்னும் பழைய மென்பொருள்தான்.
தீபாவளி போகட்டும், பார்க்கலாம் என்கிறார் முதலாளி.
கொண்டம்மாள் திரும்பி வரவில்லை.

கொகரமோ சோகாரமோ பெயரில் யார் வந்தாலும்
கொம்பும் காலும் சேர்த்து ஒரு தரம்,
பிரித்து ஒரு தரம்,
கையாலேயே தேடுகிறேன்.